மடுல்கெல்லவுக்கு மேலே புதிதாக விழும் அருவி

ஏப்ரல் விடுமுறையின் இரண்டாம் நாள் காலை ஏழு மணிக்குக் கண்டியிலிருந்து வேனில் புறப்பட்டோம். நான், மனைவி மலர், அவளுடைய அண்ணன் செல்வம். ஓட்டியவர் கெலிஓயாக்காரர் ஃபாரூக். நக்கிள்ஸ் மலைகளைச் சுற்றிக்காட்டி மாலைக்குள் திரும்ப, பதினெட்டாயிரம் ரூபாய் பேசியிருந்தோம்.

செல்வம் மச்சான் மடுல்கெல்லவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் வேலை பார்த்தவர். போன மழையில் அவர் குடியிருந்த லயத்து வீடுகளின் மேல் மலை சரிந்தது. அன்று அவர் டவுனுக்கு வந்திருந்தார். மனைவி ராணி வீட்டில் இருந்தாள். சில நாள் தோண்டினார்கள். இனிக் கிளறினால் இன்னும் சரியும் என்று நிறுத்திவிட்டார்கள். ராணி கிடைக்கவில்லை. அதிலிருந்து மச்சான் எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். எங்கே கூப்பிட்டாலும் வராதவர், நக்கிள்ஸ் என்றதும், “நானும் வர்றேன்” என்றார். மனம் கொஞ்சம் தேறியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டோம்.

வத்தேகம, பன்வில கடந்து ஹுலுகங்கையில் இறங்கினோம். பாறையில் மோதி வெள்ளையாக விழுந்தது ஆறு. கடையில் பிளேன்டீயும் பணிஸும் சாப்பிட்டோம். மச்சான் டீயை மட்டும் குடித்தார். மேகம் விலகி மலைமுகடுகள் தெரிந்தன. மலர் படம் எடுத்தாள்.

“மேல ஒரு புது அருவி ஈக்கி சேர்,” என்றார் ஃபாரூக். “மேப்ல கூட இல்ல. இப்ப எல்லாரும் அங்கதான் போறாங்க.”

“அங்கயே போங்க தம்பி,” என்றார் பின்சீட்டிலிருந்த மச்சான்.

மடுல்கெல்ல தாண்டித் தேயிலைக்குள் ஏறினோம். ஒரு வளைவில் தோட்டத்துக் கோயில் தெரிந்ததும் மலர் என் கையைப் பிடித்தாள். “ஐயோ, இது அண்ணன் தோட்டம்ங்க.” அதற்குள் வேன் நின்றுவிட்டது.

பச்சை மலையில் மேலிருந்து கீழ்வரை செம்மண் கிழிசல். மலை சரிந்தபோது திசை மாறிய ஓடை அதன் நடுவே விழுந்து, அடியில் குளம்போல் தேங்கியிருந்தது. கொழும்பிலிருந்து வந்த ஓர் அலுவலகக் கூட்டம் குளித்துக்கொண்டிருந்தது. ஸ்பீக்கரில் பாட்டு. ஒரு பெண் ஈரக்கையோடு போனை மச்சானிடம் நீட்டினாள்.

“அண்ணா, ஒரு போட்டோ எடுத்துத் தருவீங்களா? அந்தப் பெரிய கல்லும் படத்துல விழுற மாதிரி.”

மச்சான் வாங்கினார். “கொஞ்சம் கிட்டக் கிட்ட நில்லுங்க,” என்றார். எடுத்துக் கொடுத்தார்.

“நல்லா வந்திருக்கா?”

“வந்திருக்கு.”

பிறகு எங்களிடம் திரும்பி, சாதாரணமாகச் சொன்னார்: “அந்தக் கல்லுக்கு இந்தப் பக்கம் நாங்க இருந்த காம்பரா. தண்ணி விழுற எடத்துலதான் குசினி.”

மலர் கத்திவிட்டாள். “இது குளிக்கிற எடமில்லங்க! எங்க அண்ணி இதுக்குள்ளதான் இருக்காங்க!”

பாட்டு நின்றது. அவர்கள் ஒவ்வொருவராகக் கரையேறினார்கள். “சொரி அண்ணா, எங்களுக்குத் தெரியாது,” என்றாள் அந்தப் பெண். மச்சான் சட்டைப்பையிலிருந்து சூடத்தை எடுத்து ஒரு கல்லில் வைத்தார். சாரலில் இரண்டு தீக்குச்சிகள் அணைந்தன. ஃபாரூக் ஓடிவந்து கையால் காற்றை மறைத்தார். சூடம் எரிந்து முடியும்வரை கையை எடுக்கவில்லை.

நாங்கள் மேலேறி வேன் கதவைச் சாத்துவதற்குள் பாட்டு மறுபடி ஆரம்பித்தது.

மற்ற அருவிகளைப் பார்க்க யாருக்கும் மனமில்லை. இறங்கி வரும்போது ஃபாரூக் மச்சானிடம் சொன்னார்: “எனக்குத் தெரியாது, நானா. நாலஞ்சு தரம் ஆள் கூட்டிட்டு வந்துட்டேன். இனி வர மாட்டேன்.”

“வாங்க,” என்றார் மச்சான். “ஆனா இங்க வீடு இருந்திச்சுன்னு சொல்லிக் கூட்டிட்டு வாங்க.”

பன்விலவில் எதிரே வந்த வேன் ஒன்று எங்களருகே நின்றது. அதன் டிரைவர் தலையை நீட்டி, புது அருவிக்கு எப்படிப் போவது என்று சிங்களத்தில் கேட்டார். பின்னால் பிள்ளைகள் குளிக்கத் தோளில் துவாயோடு உட்கார்ந்திருந்தார்கள்.

ஃபாரூக் கண்ணாடியில் மச்சானை ஒருமுறை பார்த்தார். பிறகு கையை நீட்டி வழியைக் காட்டினார். வேறெதுவும் சொல்லவில்லை. நாங்களும் சொல்லவில்லை.