பூதத்துக்குக் கொடுத்த படம்

அவளுக்குப் பூதத்தம்மா என்று பெயர் வைத்தது குழந்தைகள்தான். ஐம்பத்து மூன்று வயதில் ஒருத்திக்குப் புதுப்பெயர் கிடைப்பது அதிசயம். அந்தப் பெயர் அவளுக்குப் பிடித்துப்போனது அதைவிட அதிசயம். இருபத்தாறு வருஷம் ஓர் அச்சகத்தில் நோட்டுப் புத்தகங்களுக்குத் தையல் போட்டவள். அச்சகத்துக்குப் பூட்டுப் போட்ட பிறகு, பழைய தபால் நிலையக் கட்டடத்தில் குழந்தைகளுக்கான ஓவியக் கண்காட்சி வரப்போகிறது, ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றாள்.

கண்காட்சியை அமைத்த ஓவியருக்கு முப்பது வயதுகூட இருக்காது. "வேலை ரொம்ப சுலபம்க்கா. பூதத்துக்குப் பக்கத்துல உட்கார்ந்திருக்கணும், அவ்வளவுதான்" என்றார்.

"கடிக்குமா, தம்பி?"

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். மறுநாளே வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்.

மொத்தம் நாலு கூடங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பழங்கதை. பேசினால் பதில் பேசும் கிணறு ஒன்றில், உள்ளே நுழைந்து ஏறக் கதவு வைத்த மரம் இன்னொன்றில். எதையும் தொடலாம், இழுக்கலாம், கிறுக்கலாம். கடைசிக் கூடத்தில் பூதம் உட்கார்ந்திருந்தது. ஊருக்கு வேண்டாததையெல்லாம் தின்று தீர்க்கிறேன் என்று வாக்குக் கொடுத்த கதைப் பூதம். மூங்கிலும் துணியும் வைத்துச் செய்தது, இரண்டு ஆள் உயரம். குழந்தைகள் தங்களுக்குப் பிடிக்காததை ஒரு காகிதத்தில் வரைந்து அதன் வாயில் வைக்க வேண்டும். சிவப்பு நாக்கைப் பிடித்து இழுத்தால் வாய் மூடும், வயிறு குலுங்கும், ஒரு பெரிய ஏப்பம் வரும். அந்த ஏப்பத்துக்காகவே பிள்ளைகள் வரிசையில் அடித்துக்கொண்டார்கள்.

காகிதங்கள் பூதத்தின் முதுகுப் பக்கம் இருந்த ஒரு துணிக்கூடையில் போய் விழும். மாலையில் கூடம் காலியானதும் அவள் பின்கதவைத் திறந்து கூடையை எடுப்பாள். நன்றாக இருப்பவற்றைச் சுவரில் ஒட்டுவாள். மிச்சம் சாக்குக்குப் போகும். திங்கட்கிழமைதோறும் பழைய பேப்பர்காரர் வந்து சாக்கைத் தூக்கிக்கொண்டு போவார். ஊசி, கணக்குப் புத்தகம், இருட்டு, பல் டாக்டர் என்று தினமும் நூறு நூற்றைம்பது படம் சேரும். ஒருவன் தன் வகுப்பு டீச்சரை மீசையோடு வரைந்திருந்தான். இன்னொருத்தி படம் வரையச் சோம்பல்பட்டு அண்ணனின் செருப்பையே வாயில் திணித்துவிட, பூதம் அரை நாள் ஏப்பம் விடாமல் கிடந்தது. வீட்டுக்குப் போய் இதையெல்லாம் சொல்லுவாள். அவளும் கல்யாணம் ஆகாத அவள் அக்காவும் மட்டும் இருந்த வீடு. அக்கா சட்டைகளுக்குக் காஜா எடுத்தபடியே வயிறு வலிக்கச் சிரிப்பாள்.

ஒரு சனிக்கிழமை, ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி அப்பாவோடு வந்தாள். முன்பல் இரண்டும் இல்லை. ரொம்ப நேரம் குனிந்து வரைந்து கொண்டுவந்து நீட்டினாள். ஊதாக் கலரில் நீளமாக ஒரு மூட்டை, அதன்மேல் உருண்டையாக ஒரு தலை.

"என்னடா கண்ணு இது, கத்தரிக்காயா?"

"எங்க தம்பி. பொறந்து பதினெட்டு நாள் ஆச்சு. கத்திக்கிட்டே இருக்கான். அம்மா என்கூட படுக்கவே மாட்டேங்கறாங்க."

பூதத்தம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "போடு, போடு. நம்ம பூதம் மிச்சம் வைக்காம தின்னுடும்" என்றாள்.

சிறுமி நாக்கை இழுத்தாள். பூதம் ஏப்பம் விட்டது. தூரத்தில் நின்ற அப்பா கை தட்டினார். அன்று சாயந்திரம் அக்காவும் அதைக் கேட்டுச் சிரித்தாள். "நீ பொறந்தப்ப நானும் அப்படித்தான்டி நெனச்சேன். எனக்குத்தான் பூதம் கெடைக்கல" என்றாள்.

நாலு வாரம் போயிருக்கும். ஒரு புதன்கிழமை மதியம், கூடத்தில் ஈ காக்கை இல்லை. அதே சிறுமி, கூட வேறொரு பெண். சிறுமி காகிதம் எடுக்கவில்லை. நேராகப் பூதத்திடம் போனாள். நுனிக்காலில் எம்பி, வாய்க்குள் தோள்வரை கையை விட்டுத் துழாவினாள்.

"என்னம்மா தேடறே?"

"தம்பியத் திருப்பித் தரச் சொல்லுங்க."

கூட வந்தவள் பூதத்தம்மாவின் கையைப் பிடித்துச் சற்றுத் தள்ளி அழைத்துப்போனாள். "நான் இவளோட சித்தி. குழந்தை தவறிப்போய்ப் பதினோரு நாள் ஆச்சுங்க. தூக்கத்துலயே போயிட்டான். டாக்டருக்கே காரணம் தெரியல. இவ சரியா சாப்பிடறது இல்ல, தூங்கறதும் இல்ல. பூதத்துக்கிட்டப் போகணும்னே சொல்லிட்டிருக்கா. எங்களுக்கு ஒண்ணும் புரியல."

பூதத்தம்மாவுக்குப் புரிந்தது. தான் சிரித்ததும், சொன்னதும், சொன்ன விதமும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. சிறுமியின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, "சனிக்கிழமை வா கண்ணு. தேடி எடுத்து வைக்கிறேன்" என்று மட்டும் சொன்னாள்.

அரை நாள் லீவு போட்டுவிட்டுப் பழைய பேப்பர் கடைக்கு ஓடினாள். கடைக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அந்தச் சாக்கா? அது எப்பவோ லாரி ஏறிப் போயிடுச்சேம்மா. இந்நேரம் அரைச்சுக் கூழாக்கியிருப்பாங்க" என்றார். அப்படியும் மனம் ஆறாமல், கடையில் கிடந்த மூட்டைகளை ஒரு மணி நேரம் கிளறிவிட்டுத்தான் திரும்பினாள்.

நடந்ததைக் கேட்டு அக்கா ஊசியைக் கீழே வைத்துவிட்டாள்.

"நீயே ஒண்ணு வரைஞ்சு குடுத்துடு. சின்னப் புள்ளைக்கு என்ன தெரியப்போவுது?" என்றாள் அக்கா.

ஊதாக் கலர் கிரேயானை இடது கையில் பிடித்துக்கொண்டு வரைந்தாள். நீள மூட்டை, உருண்டைத் தலை, புள்ளியாக இரண்டு கண். நாலு காகிதம் வீணாகி, ஐந்தாவது கொஞ்சம் ஒத்து வந்தது. அதைக் கசக்கி, பிறகு நீவி, புத்தகத்துக்குள் வைத்தாள். பிறந்ததிலிருந்து யாரையும் ஏமாற்றி அறியாத கை, அன்றைக்குச் சோற்றைப் பிசையக்கூடக் கூசியது.

சனிக்கிழமை சிறுமியை அப்பா கூட்டி வந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். வாசலோரப் பெஞ்சில் உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பூதத்தம்மா படத்தை நீட்டினாள். சிறுமி இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தாள்.

"இது நான் வரைஞ்சது இல்ல."

"நல்லாப் பாரு கண்ணு."

"இதுல தம்பி முழிச்சிட்டிருக்கான். நான் தூங்கற மாதிரி வரைஞ்சேன்."

இனிமேல் பொய் உதவாது என்று பூதத்தம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. சிறுமியின் கையைப் பிடித்துப் பூதத்தின் பின்பக்கம் கூட்டிப்போய்க் கதவைத் திறந்து காட்டினாள். மூங்கில் பட்டை, கயிறு, சின்ன மோட்டார், ஏப்பம் வருகிற கறுப்பு ஒலிபெருக்கி.

"பாரு, இதுக்கு வயிறே கெடையாது. வெறும் துணி. இது யாரையும் திங்காது, திங்கவும் தெரியாது. நீங்க போடற பேப்பரெல்லாம் இந்தக் கூடையிலதான் விழும்."

"அப்புறம்?"

"அப்புறம் நான் எடுத்துக்குவேன்."

சிறுமி கூடையைப் பார்த்தாள். பிறகு அவளைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"அப்போ தம்பிய எடுத்தது நீங்களா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். யாரும் எடுக்கவில்லை, அவன் தானாகப் போனான், படத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தப் பிஞ்சு முகத்தில், கன்னம் ஒட்டி, கண்ணுக்குக் கீழே கருத்துப்போயிருந்ததைப் பார்த்தபோது, இல்லை என்ற வார்த்தை வெளியே வந்ததும் இந்தக் கேள்வி திரும்ப யாரிடம் போய்ச் சேரும் என்பது அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

"ஆமா. நான்தான். நீ இல்ல, கண்ணு. நான்தான்."

சிறுமி முதலில் அசையவில்லை. பிறகு அவள் மேல் பாய்ந்தாள். இரண்டு முஷ்டியாலும் வயிற்றிலும் மார்பிலும் குத்தினாள், கையைக் கடித்தாள். கூடம் அதிர அலறினாள். தம்பி போன நாளிலிருந்து அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்று பிற்பாடு சித்தி சொன்னாள். பூதத்தம்மா கையை விலக்கவில்லை. அடி விழ விழ, மூங்கிலில் சாய்ந்து நின்றாள்.

அப்பா ஓடி வந்து மகளைத் தூக்கினார். "நான்தான்னு சொன்னாங்கப்பா! இவங்கதான் எடுத்தாங்க!"

"குழந்தைகிட்ட என்னம்மா சொல்லி வச்சிருக்கீங்க? மனுஷிதானா நீங்க?" அவர் குரல் உடைந்தது. அவள் தலை குனிந்து நின்றாளே தவிர, ஒரு வார்த்தை விளக்கம் சொல்லவில்லை.

எழுத்துமூலமாகப் புகார் வந்தது. ஓவியர் அவளை எதிரில் உட்கார வைத்து, "ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டார்.

"வேற என்ன சொல்லட்டும், நீங்களே சொல்லுங்க தம்பி."

அவர் பேனாவை மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தார். கடைசியில் அவளைப் பைகள் வைக்கும் முகப்புக்கு மாற்றினார்கள். பூதத்தின் பக்கத்தில் ஒரு பலகை வந்தது: 'மனிதர்களை வரைய வேண்டாம்.' பிள்ளைகள் ஏப்பத்துக்காக முன்போலவே அடித்துக்கொண்டார்கள்.

ஐந்து மாதம் கழித்துச் சித்தி ஒரு நாள் தனியாக வந்து முகப்பில் நின்றாள்.

"உங்களைப் பார்க்கத்தான் வந்தேன். அவ இப்போ நல்லா இருக்கா. பள்ளிக்கூடம் போறா. அம்மா பக்கத்துல படுத்துத் தூங்கறா."

"சாப்பிடறாளா?"

"சாப்பிடறா." சித்தி கொஞ்சம் தயங்கினாள். "இந்தத் தெரு வழியா வரத்தான் மாட்டேங்கறா. உங்களைப் பத்திப் பேச்செடுத்தாலே... எங்க அக்காவும் மாமாவும்கூட இன்னும் உங்க மேல கோவமாத்தான் இருக்காங்க. நான் சொல்லிப் புரிய வைக்கட்டுமா? நீங்க எதுக்கு அப்படிச் சொன்னீங்கன்னு எனக்குத் தெரியும்."

"வேண்டாம்மா. இப்படியே இருக்கட்டும்."

"பெரியவளானதும் அவளே புரிஞ்சுக்குவா."

"புரிய வேண்டாம்" என்றாள் பூதத்தம்மா. "புரிஞ்சா, தன்னாலதானோன்னு மறுபடியும் யோசிப்பா."

சித்தி போன பிறகு அன்று இரண்டு பேருக்குப் பையை மாற்றிக் கொடுத்தாள். அவளுக்குள்ளேயே ஒன்று குழம்பத் தொடங்கி வெகுநாள் ஆகியிருந்தது. சொன்னது பொய் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் போடு, போடு என்று சிரித்தது தன் வாய்தானே என்று வேலைக்கு நடுவில் கை நின்றுவிடும். அக்காவிடம் ஒருமுறை இதைச் சொன்னபோது, "பைத்தியமாடி நீ?" என்று அதட்டிவிட்டு அக்கா அழுதுவிட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவள் எடுக்கவில்லை.

கண்காட்சி அந்த வருஷக் கடைசியில் வேறு ஊருக்குப் போயிற்று. கூட வரச் சொல்லி ஓவியர் கேட்டார். மறுத்துவிட்டாள். ஒரு பெரிய சலவை நிலையத்தில், விடுதிப் படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்குகிற வேலையில் சேர்ந்தாள். குழந்தைகள் வராத இடமாகத் தேடிப் பார்த்துத்தான் சேர்ந்தாள்.