மீன்பிடிக் கிளப்பில் நான் சொன்ன அப்பா

என் அப்பா ஊரில், கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் எழுதுவினைஞராக வேலை பார்த்தவர். பஸ் ஜன்னலால் கடலைப் பார்த்ததைத் தவிர அவருக்கும் கடலுக்கும் ஒரு தொடர்பும் இருந்ததில்லை. நீரிழிவு முற்றி, ஆஸ்பத்திரிக் கட்டிலில், நாங்கள் எல்லோரும் சுற்றி நிற்க இறந்துபோனார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் ஆக்லாந்தில் முப்பது பேர் கொஞ்சக் காலம் வேறு விதமாக நம்பிக்கொண்டிருந்தார்கள். அப்படி நம்பவைத்தவன் நான்.

கிளென் ஈடனுக்கு நாங்கள் வீடு மாறி வந்த வருடம், பக்கத்து வீட்டுக் கிழவர் என்னைத் தன்னுடைய மீன்பிடிக் கிளப்புக்கு அழைத்துப் போனார். மாதத்தில் ஒரு புதன்கிழமை, ஏழு மணிக்கு, ஒரு சின்ன மண்டபத்தில் கூடுவார்கள். பெரும்பாலும் வயதான வெள்ளைக்காரர்கள், சில மாவோரிக் குடும்பங்கள், இரண்டு சீனர்கள். புதிதாக வருகிறவர் எழுந்து தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டும், முக்கியமாக, மீன் பிடிக்கக் கற்றுக்கொடுத்தது யார் என்று. எனக்கு முன்னால் எழுந்த ஒரு பெண் தன் தாத்தாவின் படகைப் பற்றிச் சொன்னாள். எல்லோரும் கண் கலங்கச் சிரித்தார்கள். அடுத்தது நான்.

"என் அப்பா," என்றேன். "அவர் ஒரு மீனவர்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று அன்றைக்கு எனக்கே தெரியவில்லை. ஆனால் அதற்குக் கிடைத்தது தெரியும். முன் வரிசையில் இருந்தவர் தன் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு, வா, இங்கே இரு என்றார். இருபது வருடம் இந்த நாட்டில் வேலை செய்திருக்கிறேன். அப்படி ஒருவரும் எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டதில்லை.

அந்தக் கிளப் எனக்குப் பிடித்துப்போயிற்று. குளிர்காலத்தில் முடிச்சுப் போடப் பழக்குவார்கள், பழைய பல் பிரஷால் தூண்டில் ரீல்களைக் கழற்றித் துடைப்போம். கோடையில் போட்டி நடக்கும். மற்ற மாதங்களில் யாராவது வந்து பேசுவார்கள். கடலில் ஆட்களைக் காப்பாற்றும் குழுவிலிருந்து வந்த ஒரு பெண், உயிர்காப்பு அங்கியை எனக்கு மாட்டிவிட்டுக் கயிற்றை இழுத்தாள். அது டப்பென்று ஊதி என் தாடையை மேலே தள்ளியது. மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். இன்னொரு மாதம் ஒரு விஞ்ஞானி வந்தாள். ஸ்னாப்பர் மீனின் காதுக்குள் இருக்கும் சிறு கல்லை மெல்லிய சீவலாக அறுத்து, மரத்தின் வளையங்களைப் போல எண்ணி, மீனின் வயதைச் சொல்லலாம் என்றாள். உருப்பெருக்கி வழியாக நான் பார்த்த மீனுக்கு என் வயது. பேச்சு முடிந்ததும் ஆளுக்கொரு தட்டில் கொண்டுவந்ததைச் சாப்பிடுவோம். நான் கொண்டுபோகும் மீன் கட்லட்தான் முதலில் முடியும். "அப்பாவின் மீனவக் கைப்பக்குவமா?" என்று கேட்பார்கள். ஆமாம் என்பேன். செய்தது என் மனைவி.

மீனவனின் மகனுக்கு மீன் பிடிக்கத் தெரியாது என்பது வெளியே தெரிந்துவிடக் கூடாதே என்று, சனிக்கிழமைகளில் கார்ன்வாலிஸ் இறங்குதுறைக்குத் தனியே போய்ப் பழகத் தொடங்கினேன். அங்கேதான் ஒருவரைக் கண்டேன். என்னைவிடப் பத்து வயது இளையவர். நான் தூண்டில் கட்டுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுத் தமிழில் கேட்டார்:

"அண்ணை, குறை நினைக்காதேங்கோ. அது மாடு கட்டுற முடிச்செல்லோ?"

மவுண்ட் வெல்லிங்டனில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். எங்கள் நாட்டின் வடக்கில் ஒரு கடற்கரை ஊர், கத்தோலிக்கக் குடும்பம். தகப்பன், தகப்பனின் தகப்பன் எல்லோரும் கடலில் உழைத்தவர்கள். எட்டு மாதம் அவர் எனக்குக் கற்றுக்கொடுத்தார். நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று நூலில் விரலை வைத்தே எப்படி அறிவது, சின்ன மீனின் கன்னத்தைக் கிழிக்காமல் எப்படிக் கழற்றித் திரும்ப விடுவது, எல்லாம். மீனை நான் பிடித்திருக்கும் விதத்தைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு வரும். "பாம்பைப் பிடிக்கிற மாதிரிப் பிடிக்கிறியள்" என்பார். கிளப்பைப் பற்றிச் சொல்லியிருந்தேன். அங்கே நான் என்ன சொல்லிவைத்திருக்கிறேன் என்பதைச் சொல்லவில்லை.

ஒரு நாள் மழை பிடித்துக்கொண்டது. என் காருக்குள் இருந்து பிளாஸ்க் தேநீரைக் குடித்தோம். அன்றைக்குத்தான் தன் தகப்பனைப் பற்றிச் சொன்னார். துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் விட்டு மற்ற முனையைக் காதோடு வைத்து, மீன் கூட்டம் வருகிறதா என்று கேட்பாராம். சிறு வயதில் மகனின் காதிலும் ஒரு தரம் வைத்துவிட்டாராம்.

"எனக்கு ஒண்டும் கேக்கேல்லை, அண்ணை. ஆனா கேக்குது எண்டு சொன்னன். அப்பாவுக்குச் சந்தோசமா இருக்கட்டும் எண்டு."

சண்டைக் காலத்தில் கடலுக்குப் போகத் தடை வந்தது. அப்போதும் அந்த மனிதர் விடிய எழும்பிக் கரைக்குப் போய், மணலில் ஏற்றிவைத்த வள்ளத்துக்குள் இருந்துவிட்டு, வெயில் ஏறியதும் வீட்டுக்கு வருவாராம். பிறகு கரையோரமாக மட்டும் போகலாம் என்று அனுமதி கொடுத்தார்கள். கொடுத்த முதல் கிழமையே போனார். திரும்பி வரவில்லை. இதைச் சொல்லும்போது அவர் கார்க் கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லி முடித்ததும், "மழை விட்டிட்டுது" என்று கதவைத் திறந்து இறங்கிவிட்டார். பிறகு ஒருநாளும் அதைப் பற்றிக் கதைத்ததில்லை.

கிளப்புக்குப் பேச்சாளர்களை ஏற்பாடு செய்கிறவர் ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை. அந்த மாதம் வர இருந்தவருக்குக் காய்ச்சல். எனக்குப் போன் எடுத்தார். "இருபது நிமிடம் போதும். உன் அப்பாவைப் பற்றிப் பேசேன். நாங்கள் எல்லோரும் எப்போதோ கேட்டிருக்க வேண்டியது."

முடியாது என்று சொல்ல எனக்கு ஒரு முழு நிமிடம் இருந்தது. நான் சரி என்றேன்.

இரண்டு மாலைகள் இருந்து ஆங்கிலத்தில் எழுதினேன். என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்ட மனைவியிடம் ஆபீஸ் வேலை என்றேன். முதலில் துடுப்பை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். துடுப்பு வந்ததும் வள்ளம் வந்தது. வள்ளம் வந்ததும் அந்தக் கடைசிப் பயணம் வந்தது. எழுதும்போது எனக்குக் கண்ணீர்கூட வந்தது. வெட்கம்கெட்ட கண்ணீர்.

கூட்டத்துக்கு முந்தின சனிக்கிழமை, அந்த ஆசிரியை தன் நாயோடு இறங்குதுறைக்கு வந்தார். எங்கள் இருவரையும் கண்டதும் எனக்குக் கற்றுக்கொடுக்கிறவரிடம் போய், "புதன்கிழமை உன் நண்பர் பேசுகிறார், நீயும் கட்டாயம் வா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"என்னத்தைப் பற்றி, அண்ணை?" என்று அவர் கேட்டார்.

"சும்மா. ஊரைப் பற்றி."

"நல்ல விசயம். புதன் எனக்குப் பின்நேர ஷிஃப்ட். பாப்பம்."

ஷிஃப்டை நம்பினேன்.

அன்று மண்டபம் நிறைந்திருந்தது. மழை நாளில் காருக்குள் கேட்டதை, 'நான்' என்றும் 'என் அப்பா' என்றும் மாற்றி வாசித்தேன். துடுப்பை அப்பா என் காதில் வைத்த இடத்துக்கு வந்தபோது கதவு திறந்தது. ஒளிரும் மஞ்சள் வேலைச் சட்டையோடு அவர் உள்ளே வந்து, கடைசி வரிசையில் சத்தம் போடாமல் உட்கார்ந்தார். என்னைப் பார்த்துச் சின்னதாகத் தலையாட்டினார்.

அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். தொண்டை சரியில்லை என்று சொல்லியாவது இறங்கியிருக்கலாம். தாளில் அடுத்த வரி இருந்தது, வாசித்தேன். "எனக்குக் கேட்டது," என்று வாசித்தேன். "ஆயிரம் மீன்கள் வருகிற சத்தம் எனக்குக் கேட்டது." அதற்குப் பிறகு தாளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வெறுமையான கரையும், திரும்பி வராத வள்ளமும் முடியும்வரை ஒரே மூச்சில் வாசித்தேன். முன் வரிசையில் ஒரு கிழவர் மூக்கைச் சிந்தினார். பிறகு கைதட்டினார்கள்.

கேள்வி நேரத்தில் ஒருவர் எழுந்து, "அந்த வள்ளம் பிறகு கிடைத்ததா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியாது. அதை அவர் சொல்லவில்லை, நானும் கேட்டதில்லை. அவ்வளவு பெரிய கதையைக் கேட்டுவிட்டு அந்த ஒரு கேள்வியைக்கூட நான் கேட்கவில்லை. கையிலிருந்த தாளைப் புரட்டித் தேடினேன்.

"வள்ளம் வந்தது," என்று பின்னாலிருந்து அவருடைய ஆங்கிலம் கேட்டது. "பதினோரு நாளுக்குப் பிறகு. பக்கத்து ஊர் ஆட்கள் இழுத்துக்கொண்டு வந்தார்கள். வலை நனையவில்லை."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "நீங்கள் இவருடைய அப்பாவை அறிவீர்களா?" என்று ஆசிரியை கேட்டார்.

அவர் என்னைப் பார்த்தார்.

"ஓம்," என்றார் தமிழில். பிறகு ஆங்கிலத்தில், "அறிவேன். நல்ல மனுசன்."

மறுபடியும் கைதட்டினார்கள். இந்தத் தடவை எங்கள் இருவருக்கும்.

தேநீருக்கு அவர் நிற்கவில்லை. கார் நிறுத்துமிடத்தில் ஓடிப் பிடித்தேன். "தம்பி, நான் விளங்கப்படுத்திறன்," என்று தொடங்கினேன். என்ன விளங்கப்படுத்த இருந்தேன் என்று இன்றைக்கும் தெரியாது.

"மீன் சத்தம் கேட்டதெண்டு வாசிச்சியள்," என்றார். குரலில் கோபம்கூட இல்லை. "எனக்குக் கேக்கேல்லை எண்டெல்லோ உங்களுக்குச் சொன்னனான்."

"தெரியும்."

"நான் போட்டு வாறன், ஐயா. நாளைக்கு வேலை."

எட்டு மாதம் அண்ணை என்று கூப்பிட்ட வாய். எங்கள் வீட்டுப் பின்வேலிக்கு மீன் கொண்டுவரும் பெண், பத்து வயதுப் பையனான என்னை ஐயா என்றுதான் கூப்பிடுவாள். அவள் தண்ணீர் கேட்டால் அம்மா பாத்திரத்தில் கொடுக்கமாட்டா, கையில்தான் ஊற்றுவா. அவள் அந்தக் காலத்துக் கட்டாயத்துக்காகச் சொன்ன சொல்லை, இவர் கட்டாயமில்லாத ஊரில், தெரிந்து சொன்னார். நான் காருக்குப் பக்கத்திலேயே நின்றேன். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது.

அடுத்த கிழமை கிளப்பின் செய்திமடலில் என் பேச்சை அப்படியே போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மனைவி சமையலறையில் நின்று முழுவதையும் வாசித்தாள். சத்தம் போடுவாள் என்று பார்த்தேன்.

"மாமா பாவம்," என்றாள். "அந்த மனுசன் உங்களைப் படிப்பிக்க எத்தனை வருசம் ஓவர்டைம் செய்தவர். அவரை இல்லையெண்டே ஆக்கிப்போட்டியள்."

அதை நான் யோசிக்கவே இல்லை. ஒரு தகப்பனைத் திருடியதோடு என் தகப்பனையும் துடைத்துவிட்டிருந்தேன்.

ஆசிரியைக்குப் போன் எடுத்துச் சொல்ல எனக்கு மூன்று கிழமை பிடித்தது. "அப்படியானால் அது யாருடைய அப்பா?" என்றார். பின் வரிசையில் இருந்து பதில் சொன்னவருடைய அப்பா என்றேன். அவர் குறிப்பேட்டைப் புரட்டுவது கேட்டது. "புதன்கிழமை. பேச்சாளருக்கு முன்னால் ஐந்து நிமிடம் தருகிறேன். நீயே சொல்."

அந்த மாதம் தூண்டிலில் சிக்கும் கடற்பறவைகளைப் பற்றிப் பேச ஒருவர் வந்திருந்தார். அவர் தன் படங்களைச் சரிசெய்துகொண்டிருக்க, நான் எழுந்து சொன்னேன். தாள் எதுவும் இல்லை. ஒருவர் இருமினார். அன்று மூக்கைச் சிந்திய கிழவர், "அந்த மனிதர் உண்மையில் இருந்தாரா?" என்று கேட்டார். இருந்தார் என்றேன். "அது போதும் எனக்கு," என்றார். ஆனால் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக் கிழவர் அன்று ரேடியோவைச் சத்தமாகப் போட்டுக்கொண்டு என்னைக் காரில் கூட்டிவந்து இறக்கினார்.

எனக்கு மீன் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் இறங்குதுறைக்கு வருவது நின்றிருந்தது. அடுத்த சனிக்கிழமை மவுண்ட் வெல்லிங்டனில், கிடங்குக்குப் பக்கத்திலேயே இருந்த அவருடைய வீட்டுக்குப் போனேன். உள்ளே வாங்கோ என்றார். கிளப்பில் சொல்லிவிட்டேன் என்றேன்.

"அவையளுக்குச் சொல்லியாச்சு. நல்லது," என்றார்.

பிறகு நான் அவரிடம் யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். என் அப்பாவின் கச்சேரி மேசையைப் பற்றி, பின்வேலியைப் பற்றி, கையில் ஊற்றிய தண்ணீரைப் பற்றி. ஊரில் வீட்டுக்குள் விடாத மனிதர்கள் இந்த நாட்டில் மதிக்கப்படுவதைக் கண்டதும், அவர்களில் ஒருவனாக என்னைக் காட்டிக்கொண்டேன் என்று. அவர் தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அது எனக்கு முதல் நாளே தெரியும், அண்ணை. எந்த ஊர், எந்தப் பக்கம் எண்டு கேட்டவுடன விளங்கிட்டுது. அதுக்காகவா பழகாமல் விட்டனான்?"

என்னால் தலை நிமிர முடியவில்லை. மன்னிப்பு என்ற சொல்லை எடுக்க வாய் திறந்தபோது கையைக் காட்டித் தடுத்தார்.

"அதைக் கேக்காதேங்கோ. கேட்டால் நான் உடன ஓம் எண்டு சொல்லிப்போடுவன். எங்களுக்கு அது பழக்கம். பிறகு இரவிரவா எனக்குத்தான் கோவம் வரும்."

அதனால் கேட்கவில்லை. அவருடைய மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்தா. மூவரும் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றி ஏதோ கதைத்தோம். தேநீரைக் கடைசித் துளிவரை குடித்தேன். புறப்படும்போது வாசல்வரை வந்தார்.

"பாத்து ரிவர்ஸ் எடுங்கோ," என்றார். "பின்னால பிள்ளையள் சைக்கிள் ஓடுகினம்."

மெதுவாக எடுத்தேன். இது நடந்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது. அவர் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டும் என்று எதிர்பார்க்கிற உரிமையும் எனக்கு இல்லை.