நெய்க்காரர் இலையில் நெய் இல்லை

என் வீட்டுக்காரருக்குக் கோரிப்பாளையத்தில் நெய்க்கடை. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வரும் நெய்யைப் புறங்கையில் தேய்த்து மோந்து, நக்கிப் பார்த்துத்தான் வாங்குவார். வீட்டில் சோற்றுக்கு நெய் ஊற்றிக்கொள்கிற ஆள் இல்லை. நெய்க்குத்தான் கொஞ்சம் சோறு போட்டுக்கொள்வார்.

நாற்பது வயதில், டின்னைத் தூக்கினால் நெஞ்சை அடைக்க ஆரம்பித்தது. வாயு என்று ஊரே வைத்தியம் சொன்னது. இஞ்சியும் பெருங்காயமும் தீர்ந்ததுதான் மிச்சம். பொறுக்கமாட்டாமல் தல்லாகுளத்து டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்தவர், மறுநாள் கண்ணாடிக் குழாயைக் காட்டினார். அடியில் சிவப்பு. மேலே தெளிவாக நிற்கவேண்டிய நீர், பாலாக வெளுத்து ஆடை கட்டியிருந்தது.

"அம்புட்டும் கொழுப்பு. இது நெஞ்சுக்குப் போற ரத்தக் குழாய்ல படிஞ்சு அடைக்குதுன்னு வெளிநாட்டுல சொல்றாங்க. எல்லா டாக்டரும் இன்னும் ஒத்துக்கலை. நான் நம்புறேன். நெய்யையும் கறியையும் விட்டுருங்க" என்றார்.

இவர் குழாயை வெளிச்சத்தில் ஆட்டிப் பார்த்துவிட்டு, "சரக்கு நல்லாத்தான் உறைஞ்சிருக்கு" என்றார். டாக்டரே சிரித்துவிட்டார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. எல்லாம் பயத்தில் வந்த கோபம்தான்.

டாக்டர் பேச்சை இவர் அரைமனசாகத்தான் கேட்டார் என்றாலும், ஒரு கல்யாணப் பந்தியில் பருப்புக்கு நெய் ஊற்ற வந்தபோது இலையைக் கையால் மறைத்துவிட்டார். வந்தது வினை. நெய்க்காரரே நெய் தொடுவதில்லையாம், என்னத்தைக் கலக்கிறாரோ என்று பேச்சுக் கிளம்பியது. நெய்யில் கலக்கத் தோதாக டின்களில் வனஸ்பதி வந்து எல்லாரும் எதையும் சந்தேகப்பட்ட காலம் அது. வியாபாரம் படுத்துவிட்டது. உண்மையைச் சொல்லலாம் என்றால், நெய் நெஞ்சை அடைக்கும் என்று நெய்க்கடை வாசலில் நின்றா சொல்வது?

ஒருநாள் மத்தியானம் சாப்பாடு கொண்டுபோனேன். கடையில் கூட்டம். வாடிக்கையாக வாங்கும் பிரியாணி மாஸ்டர், "அண்ணே, ஒரு கரண்டி நீங்க குடிங்க. ரெண்டு டின் எடுத்துக்கிறேன்" என்றார். இவரும் ரோஷமாகக் கரண்டி நிறைய மொண்டு வாய்க்குக் கொண்டுபோனார்.

என் கண்ணில் அந்தக் குழாய்தான் தெரிந்தது. எப்படிக் கடைக்குள் ஏறினேனோ தெரியாது. அவர் மணிக்கட்டைப் பிடித்துக் கரண்டியை என் பக்கம் திருப்பி, அவ்வளவையும் விழுங்கிவிட்டேன். பொம்பளை கடைத்தெருவில் புருஷனோடு பேசவே கூசுகிற காலம். தெருவே எட்டிப் பார்த்தது.

"புருஷன் வாயிலருந்து பிடுங்கிக் குடிக்கிறாங்கன்னா நெய் எம்புட்டு ருசியா இருக்கணும்" என்றார் மாஸ்டர். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. பொழுது சாய்வதற்குள் கடையில் ஒரு டின் மிச்சமில்லை.

சின்ன வயதிலிருந்தே நெய் என்றால் எனக்குக் குமட்டும். அந்தத் தெருவில் அது தெரிந்தவர் அவர் ஒருவர்தான். கூட்டம் கலைந்ததும் ஒரு சொம்புத் தண்ணீரும் உப்புத் தடவிய எலுமிச்சைத் துண்டும் கொண்டுவந்து நீட்டினார். கண் கலங்கியிருந்தது.

"இனிமே தொடமாட்டேன். நீ இன்னொரு கரண்டி குடிக்கிறத என்னால பாக்க முடியாது" என்றார்.