கயிறு சுற்றிய ஹெடர்

ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஆன்றோ கயிற்றுக் கடை வைத்திருக்கிறார். நைலான் கயிறு, சங்கிலி, மிதவை, விசைப்படகு எஞ்சினின் புகைக்குழாயில் சூடு தெரியாமலிருக்கச் சுற்றும் கண்ணாடி நார்க் கயிறு எல்லாம் அங்கே கிடைக்கும். அவருடைய அப்பா தூத்துக்குடியிலிருந்து வந்து தொடங்கிய கடை. நான் எதிர் மாடியில் குடியிருப்பவன். துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். இதில் பாதி நான் நேரில் பார்த்தது, மீதி ஆன்றோ சொன்னது.

ஆன்றோவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. வீட்டில் ஓட்டியது அவர் மனைவி மகிமா. 2001-ஆம் வருடத்து எஸ்டீம். பழைய வண்ணாரப்பேட்டையில் எஞ்சின் வேலை செய்யும் ஃபர்ஹானைக் கொண்டு அதில் ஒரு பழைய ஜப்பான் சூப்பர்சார்ஜரைப் பொருத்தியிருந்தார். எஞ்சின் தானாக இழுக்கும் காற்று போதாதென்று, பெல்ட்டில் சுழன்று மேலும் காற்றை உள்ளே தள்ளும் சிறிய பெட்டி அது. வேகம் கூடும்போது மெல்லியதாக ஊளையிடும். அந்தச் சத்தம் மதிலில் பட்டுத் திரும்பி வருவதற்காகவே மகிமா துறைமுகச் சுவரை ஒட்டி, கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டுவார். ஆன்றோ இடது இருக்கையில் உட்கார்ந்திருப்பார்.

போன வருடம் ஜனவரியில் மகிமா இறந்தார். மூளையில் ரத்தக் கசிவு. கார் அப்போது பாதி பிரித்த நிலையில் நின்றது. எஞ்சினிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் வார்ப்பிரும்புக் குழாய் விரிசல் விட்டிருந்தது. அதை எடுத்துவிட்டு, ஹெடர் என்று பட்டறையில் செய்து தரும் குழாய்க் கொத்தைப் போடவேண்டும். நீளமானதா, குட்டையானதா என்று மகிமாவும் ஃபர்ஹானும் கிறிஸ்துமஸ் வரைக்கும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆன்றோ அழவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் போய்ச் சாப்பிட்டார். கடைக்கு வந்தவர்களுக்குக் கயிறு அளந்து கொடுத்தார். மீன்பிடித் தடைக்காலம் வந்ததும் படகுகளைப் பழுது பார்க்கும் கூட்டம் கடையில் நிறைந்தது. அப்போதுதான் ஃபர்ஹான் வந்து காரைக் கேட்டான்.

"நானே எடுத்துக்கறேண்ணே. வேற எவன் கைக்காச்சும் போச்சுன்னா பார்ட் பார்ட்டா பிரிச்சு வித்துடுவான்."

ஆன்றோ தலையாட்டினார். ஆனால் இப்போது வேண்டாம், ஹெடர் மாட்டித் தருகிறேன் என்றார். அவள் பாதியில் விட்டதை அப்படியே கொடுக்க மாட்டேன் என்றார். ஃபர்ஹான் ஒப்பந்த வேலைக்குக் கத்தார் போகவிருந்தான். டிசம்பரில் திரும்பி வந்து எடுத்துக்கொள்வதாகப் பேச்சு.

கார் ஓட்டத் தெரியாதவர் ஹெடர் தேர்ந்தெடுக்க உட்கார்ந்தார். நீளமான ஹெடரில் நான்கு குழாய்களும் தனித்தனியாகக் கீழே இறங்கி, தூரத்தில் ஒன்று சேரும். அதிக வேகத்தில் நன்றாக இழுக்கும். ஃபர்ஹான் கேட்டது அதைத்தான். ஆனால் தரையை ஒட்டித் தொங்கும். டிரெய்லர் லாரிகள் குழியாக்கிய எண்ணூர் சாலையில் ஒரு வாரம் தாங்காது என்பது மகிமாவின் கட்சி. காற்றை அழுத்தித் தள்ளத்தான் சூப்பர்சார்ஜர் இருக்கிறதே, குழாய் நீளமாக இருந்துதான் ஆகவேண்டுமா, போகிற வழியில் இடிக்காமல், கசியாமல் இருந்தால் போதாதா என்பார். ஆன்றோ அந்த வாதத்தை வரி பிசகாமல் நினைவில் வைத்திருந்தார். குட்டையே போதும் என்று முடிவு செய்தார்.

செய்து தந்தவன் காத்திவாக்கத்துப் பிரகாஷ். படகு எஞ்சின்களுக்குப் புகைக்குழாய் செய்பவன். துருப்பிடிக்காத எஸ்.எஸ். குழாய் போடலாமா என்று ஆன்றோ கேட்டிருக்கிறார்.

"அது சூட்ல விரிசல் வுடும் அண்ணாத்த. இரும்புன்னா நம்ம பேச்ச கேக்கும்."

எஞ்சினோடு சேரும் தகடு சூட்டில் வளைந்தால் புகை கசியும் என்பதால் அதைத் தடிமனாக வைத்தான். குழாயின் சூடு சூப்பர்சார்ஜரைத் தாக்காமலிருக்க என்ன செய்வது என்ற கேள்வி வந்தபோது இருவருமே யோசிக்கவில்லை. ஆன்றோ தன் கடையிலிருந்தே கண்ணாடி நார்க் கயிற்றை வெட்டிக் கொடுத்தார். பிரகாஷ் படகுக்குச் சுற்றுவதைப் போலவே இடைவெளி விடாமல் சுற்றினான்.

ஜூலையில் ஹெடர் மாட்டியாயிற்று. அதன்பிறகு ஞாயிறுதோறும் கோயிலிலிருந்து வந்ததும் ஆன்றோ வலது கதவைத் திறப்பார். உள்ளே உட்காரமாட்டார். வெளியில் நின்றபடியே குனிந்து சாவியைத் திருப்புவார். எஞ்சின் கொஞ்ச நேரம் ஓடும். அணைத்துவிட்டுக் கதவைச் சாத்துவார். மழைக்காலத்திலும் குடை பிடித்துக்கொண்டு செய்தார். ஏதாவது தோன்றுகிறதா என்று ஒருமுறை கேட்டேன். ஒன்றும் தோன்றவில்லை என்றார்.

டிசம்பரில் ஃபர்ஹான் வந்து காரைக் கிளப்பியபோது அடியிலிருந்து புகை சீறியது. கயிற்றைப் பிரித்தார்கள். அதோடு சேர்ந்து துரு செதில் செதிலாக உதிர்ந்தது.

"இன்னாண்ணே இது, ஜல்லிக்கரண்டி மாதிரி கீது" என்றான் ஃபர்ஹான்.

பிரகாஷை வரவழைத்தார்கள். அவன் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். படகில் இதே கயிறு தடைக்காலத்துக்குத் தடைக்காலம் தாங்குகிறதே என்றான்.

"போட்டு பைப்பு தடி நைனா. அதுவுமில்லாம போட்டு ஓடுது. இது நின்னுகினே கெடந்துச்சு" என்றான் ஃபர்ஹான்.

எவ்வளவு நேரம் ஓடவிட்டீர்கள் என்று ஃபர்ஹான் ஆன்றோவிடம் கேட்டான். அவர் சொன்னார். அவ்வளவு குறைந்த நேரம் ஓடினால் குழாய் முழுக்கச் சூடாகாது, உள்ளே வியர்த்த தண்ணீர் உள்ளேயே நிற்கும், வெளியே கடற்காற்றின் ஈரத்தைக் கயிறு பிடித்து வைத்துக்கொள்ளும் என்று விளக்கினான். ஆன்றோ துரு ஒட்டியிருந்த கயிற்றைப் பழக்கத்தில் வளையமாகச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

இப்படியே கொடுங்கள், நானே நீளமானதைப் போட்டுக்கொள்கிறேன் என்றான் ஃபர்ஹான். ஆன்றோ ஒப்பவில்லை. மறுபடியும் குட்டைதான், ஆனால் தடித்த எஸ்.எஸ். குழாய். திருவொற்றியூரில் ஆர்கான் வெல்டிங் செய்யும் பட்டறையில் சொல்லிச் செய்தார்கள். கயிறு கிடையாது. சூப்பர்சார்ஜருக்கும் குழாய்க்கும் நடுவே காற்றுப் போக இடம் விட்டு ஒரு தகடு மட்டும் தடுப்பாக நின்றது.

பொங்கல் கழிந்த ஒரு காலையில் ஃபர்ஹான் காரை எடுக்க வந்தான். எஞ்சினைக் கிளப்பினான். ஆன்றோ இடதுபக்கம் போய், கதவைத் திறந்து உட்கார்ந்துவிட்டார். ஃபர்ஹான் எண்ணூர் சாலையில் காத்திவாக்கம் வரை ஓட்டினான். டிரெய்லர் வரிசையைத் தாண்டி வேகம் கூட்டியபோது பழைய ஊளை எழுந்தது. ஆன்றோ கண்ணாடியை இறக்கினாராம்.

திரும்பி வந்து கடை வாசலில் நிறுத்தியதும் ஃபர்ஹான் சொன்னான்:

"வேணும்னா வண்டி உங்கிட்டயே இருக்கட்டும்ணே. நா அப்பப்ப வந்து ஓட்டறேன்."

"வேண்டாம் தம்பி. எங்கிட்ட இருந்தா நிக்கத்தான் செய்யும். நீ கொண்டு போ."

இறங்கிக் கதவைச் சாத்தினார். சரியாக விழவில்லை. திறந்து இன்னொரு முறை சாத்தினார். கார் தெருமுனையில் திரும்பியது.

முகத்துவாரக்குப்பத்துப் படகுக்காரர் ஒருவர் புகைக்குழாய்க் கயிறு வாங்கக் காத்திருந்தார்.

"யாருதுண்ணே அந்த வண்டி, விசிலடிச்சுகினு போவுது?"

"எங்க மகிமா வண்டி" என்று சொல்லிவிட்டு ஆன்றோ கயிற்றை அளக்கத் தொடங்கினார்.