வவுனியாவில் நடக்காத அற்புதம்

சுன்னாகத்தில் மண்ணெண்ணெய் வரிசையில் நின்றபோதுதான் செய்தி வந்தது. சபையைச் சேர்ந்த ஒருவர் சைக்கிளை நிறுத்தி, "ஞானமுத்து பிரதர் காலமை போயிட்டார். திரும்பவும் நெஞ்சுதான்" என்றார். அழுகை வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை. வரிசையை விட்டும் நான் விலகவில்லை.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பிரதர் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பழைய வெங்காயக் கிட்டங்கி ஒன்றைக் கழுவி, இருக்க வாங்குகள் போட்டு, ஞாயிறு பின்னேரங்களில் பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தை விளக்கினார். எவ்வளவு கழுவியும் வெங்காய மணம் போகவில்லை. நான் சண்டிலிப்பாயில் புகையிலைத் தோட்டக்காரரின் மகள், சைவப்பிள்ளை. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் பெற்றவள். பட்டம் இருந்தது, வேலை இல்லை. வெளிநாட்டிலிருந்து வரும் ஆங்கிலத் துண்டுப்பிரசுரங்களைத் தமிழாக்க அவருக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. நான் அதிகம் கதைக்காதது அவருக்குப் பிடித்திருந்தது.

கரும்பலகையில் அவர் பத்துக் கொம்பு மிருகத்தை அழகாக வரைவார். ஐரோப்பாவில் சேர்ந்து சந்தை அமைத்த நாடுகளே அந்தக் கொம்புகள் என்பார். அந்த நாடுகள் எப்போதோ பன்னிரண்டாகிவிட்டன என்று ஒருநாள் மெதுவாகச் சொன்னேன். "ரெண்டு விழுந்துபோம், பிள்ளை. பொறுத்துப் பாரும்" என்றார். பால்மாப் பெட்டியின் கறுப்புக் கோடுகளைக் காட்டி, மிருகத்தின் முத்திரையைக் குத்தி உலகத்து மனிதரையெல்லாம் ஒரு கொம்பியூட்டர் எண்ணப்போகிறது என்று எச்சரித்தார். மின்சாரம் நின்று வருடக்கணக்காகிவிட்ட ஊரில், குப்பி விளக்கில் படிக்கும் பிள்ளைகள் கொம்பியூட்டருக்குப் பயந்தார்கள். கூரைக்கு மேலே குண்டு போடுகிற பொம்மர் இரைந்தால் எல்லோரும் வாங்குக்குக் கீழே படுத்தோம். அது போனதும் எழுந்து, தூசியைத் தட்டிவிட்டு, மறுபடி ஐரோப்பாவுக்குப் போனோம்.

ஒரு கிழவர் எழுந்து கேட்டார்: "பிரதர், இஞ்சையிருந்து வெளியிலை போறதுக்கு இயக்கத்திட்டைப் பாஸ் எடுக்கவேணும், ஆளைப் பிணை வைக்கவேணும் எண்டெல்லாம் சொல்லுகினம். உதுவும் மிருகத்தின்ரை முத்திரையோ?" பிரதர் வாசலைப் பார்த்தார். வாசலில் யாரும் இல்லை. "உது வேதத்திலை இல்லை" என்றார். தூரத்து மிருகங்களின் கொம்புகளை மட்டும் அவர் துணிவாக எண்ணினார்.

பிறகு அடையாள அட்டைக்கு வந்தார். "இண்டைக்கு அட்டையிலை நம்பர், நாளைக்கு நெத்தியிலை" என்று சொல்லி, தன் அட்டையை எல்லோர் முன்னும் நெருப்பில் போட்டார். 'இலக்கத்தை ஏற்பவன் மிருகத்தை ஏற்பவன்' என்று துண்டுப்பிரசுரத்தில் தமிழில் எழுதியவள் நான். அதை வாசித்து, அட்டைக்கு நிரப்பி வைத்திருந்த தன் விண்ணப்பப் படிவத்தைக் கிழித்தாள் றூபி. சபையில் என்னோடு சிரித்துக் கதைத்த ஒரே பெண் அவள்தான். "நீர் எழுதினா உண்மை மாதிரியே கிடக்குமப்பா" என்பாள்.

அடுத்த வருடம் பிரதருக்கு நெஞ்சுவலி வந்தது. கொழும்புக்குப் போகாவிட்டால் தப்பமாட்டார் என்று டொக்டர் சொல்லிவிட்டார். அவர் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டு ஒரு படிவத்தை நீட்டினார். புதிய அட்டைக்கான விண்ணப்பம். அட்டை இல்லாதவரை வவுனியாவில் ஆமி கொழும்புப் பக்கம் விடாது.

"பழைய அட்டைக்கு என்ன நடந்ததெண்டு கேட்டிருக்கினம், பிரதர். எரிஞ்சது எண்டு போடவோ?"

"துலைஞ்சது எண்டு போடும்."

கையெழுத்திட்டு, மை காயுமுன்னே படிவத்தை மடித்தார். "பிள்ளை, உது எங்கள் ரெண்டு பேருக்குள்ளையும் இருக்கட்டும்." நான் தலையாட்டினேன். கிராம அலுவலரான விதானையாரிடம் படிவத்தைக் கொண்டுபோய்க் கொடுத்து, வந்த அட்டையை வாங்கிவந்தவளும் நானே.

அந்தப் பயத்துக்காக அவர்மேல் எனக்குக் கோபமில்லை. சாகப் பயப்படாதவர் இந்த ஊரில் யார்? குணமாகித் திரும்பிய பின் கிட்டங்கியில் நின்று சொன்னதைத்தான் மறக்க முடியவில்லை. "வவுனியாவிலை ஆமிக்காரன் எனக்கு முன்னாலை நிண்டவனிட்டையும் அட்டை கேட்டான், பின்னாலை நிண்டவனிட்டையும் கேட்டான். என்னட்டைக் கேக்கேல்லை. கர்த்தர் அவன்ரை கண்ணை மறைச்சுப்போட்டார்." சபை அல்லேலூயா என்று ஆர்ப்பரித்தது. அவர் என் பக்கம் பார்க்கவில்லை. நான் குனிந்து, சொன்னதையெல்லாம் குறிப்பெடுத்தேன். அடுத்த பிரசுரத்தில் அது என் தமிழில் வந்தது.

மூன்று மாதம் கழித்து றூபியின் அம்மாவுக்கு மார்பில் கட்டி என்று கண்டார்கள். கொழும்புக்குக் கொண்டுபோக வேண்டும். அட்டைக்கு இப்போதாவது எழுதுவோம் என்றேன். "பிரதருக்குத் திறந்த வழி எனக்குத் திறக்காதோ?" என்று கேட்டாள். உண்மையைச் சொல்ல எனக்கு அந்த ஒரு நிமிடம் இருந்தது. "யோசியும்" என்று மட்டும் சொன்னேன்.

வவுனியாவில் அவளை மறித்தார்கள். அட்டை வைத்திருந்த தாய், முன்பின் அறியாத ஒரு குடும்பத்தோடு கொழும்புக்குப் போனார். மகள் திரும்பி வந்தாள். ஆஸ்பத்திரியில் தாய் இறந்த செய்தி, அடக்கம் முடிந்த பிறகே அவளிடம் வந்து சேர்ந்தது. "அவளுக்கு விசுவாசம் காணாது" என்றார் பிரதர். அதன் பிறகு கிட்டங்கிக்குப் போவதை மட்டும் நிறுத்திக்கொண்டேன்.

இப்போது சபையார் நினைவு மலருக்கு என்னிடம் கட்டுரை கேட்டிருக்கிறார்கள். "வவுனியா அற்புதத்தை விட்டிடாதை, பிள்ளை" என்றும் சொன்னார்கள். நான் விடவில்லை. ஆனால் எழுதுமுன் றூபியிடம் போனேன். அவள் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள். நான் உண்மையைச் சொல்லி முடிக்கும்வரை அவள் தோய்ப்பதை நிறுத்தவில்லை.

"உமக்கு எப்ப தெரியும்?"

"படிவம் நிரப்பினதே நான்தான்."

அவள் ஒரு சட்டையைப் பிழிந்தாள். பிழிந்ததையே திரும்பவும் பிழிந்தாள். "அவர் செத்தாப்பிறகு சொல்ல வந்திருக்கிறீர். அவருக்கு இருந்த பயந்தான் உமக்கும்." பிறகு, "எழுதும். அம்மான்ரை பேரை மட்டும் அந்தாளின்ரை பேருக்குப் பக்கத்திலை போடாதையும்" என்றாள். வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இந்தப் பக்கங்களில் அந்தத் தாயின் பெயர் இல்லாதது அதனால்தான். இதைச் சபையார் அச்சிடாமலும் விடலாம்.

நான் பிரதரிடமிருந்து வைத்திருப்பது ஒரு வாக்கியம். கள்ளத் தீர்க்கதரிசியைப் பற்றி விளக்கிய ஒரு ஞாயிறு, கரும்பலகைக்கு முதுகைக் காட்டி நின்று சொன்னார்: "கடைசிக் காலத்திலை அற்புதத்தைக் கண்டு மயங்காதையுங்கோ. அதைச் சொல்லுறவன் ஆரெண்டு பாருங்கோ." நாங்கள் எல்லோரும் ஆமென் சொன்னோம். சைவப்பிள்ளை நானும் சொன்னேன்.