சாகுல் ஒருநாளும் குடித்ததில்லை

சாகுல் போய்விட்டான். நேற்றுக் காலையில்.

அவன் தங்கச்சிதான் போன் செய்தாள். "முடிஞ்சிருச்சுண்ணே" என்றாள். விழுங்க முடியாமல் சாப்பாடு நுரையீரலுக்குள் போய், நிமோனியா ஆகி, ஒன்பது நாள் ஐசியூவில் கிடந்தான்.

விருதுநகர் பஜாரில் அவன் தள்ளாடி நடந்ததைப் பார்த்தவர்கள் இந்த ஃபேஸ்புக் பக்கத்தில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். குடிகாரன் என்று சொன்னவர்களும் இருக்கிறீர்கள்.

ஐந்து வேளை தொழுதவன் அவன். ஒருநாளும் குடித்ததில்லை. அவனுக்கு இருந்தது ஹண்டிங்டன் நோய்... மூளையைக் கொஞ்சம் கொஞ்சமாக அழிக்கும் பரம்பரை நோய். தங்கச்சியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

மதுரையில் ஒரு லேபில் நானும் அவனும் ஐந்து வருஷம் பக்கத்துப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து வேலை பார்த்தோம். ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுக்கள்... அதில் ஒவ்வொரு ஜீனாக அடக்கிவிட்டு, எது நின்றுபோகிறது என்று பார்க்க வேண்டும். ஜீன் சைலன்சிங்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆமத்தூரில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். என் அம்மா பட்டாசு கம்பெனியில் வேலை பார்ப்பவள். "புழுவுக்குத் தீனி போட்டு வளக்கீகளாமே தம்பி, எதுக்கு?" என்று கேட்டாள்.

அவன் சுவரில் தொங்கிய காலண்டரைக் காட்டினான். "இதை அடிச்ச பிளேட்டு சிவகாசி பிரஸ்ல இருக்கும்லம்மா... ஜீனு அந்த பிளேட்டு மாதிரி. அதுலருந்து தாள் அடிச்சு வந்துக்கிட்டே இருக்கும். அந்தத் தாளைப் படிச்சுத்தான் உடம்பு தனக்கு வேண்டிய புரோட்டீனைச் செய்யும்."

"சரி."

"நாங்க பிளேட்டைத் தொட மாட்டோம். தாளுக்குப் பொருந்துற மாதிரி ஒரு ஆர்என்ஏவை பாக்டீரியாவுல வச்சு, புழுவுக்குத் தின்னக் குடுப்போம். செல்லு அதைத் துண்டு துண்டா நறுக்கி, அதை அடையாளமா வச்சுக்கிட்டு, அதே மாதிரி வர்ற தாளையெல்லாம் தேடிப் பிடிச்சுக் கிழிச்சிரும். அப்புறம் புழுவுல எது கெட்டுப்போச்சுன்னு பாத்தா, அந்த ஜீனுக்கு என்ன வேலைன்னு தெரிஞ்சிரும்."

"பிளேட்டு அப்படியேதான இருக்கும் தம்பி?" என்றாள் அம்மா.

அவன் மறுபடியும் காலண்டரைப் பார்த்தான். "ஆமாம்மா... அப்படியேதான் இருக்கும்" என்றான். ஏன் குரல் இறங்கியது என்று எனக்கு அப்போது தெரியாது.

அதற்கடுத்த மாதம் தசையில் வேலை செய்யும் ஒரு ஜீனை அடக்கினோம். மூன்றாம் நாள் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்... அத்தனை புழுவும் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தது. எதிர்பார்த்த ரிசல்ட்தான். சந்தோஷமாக அவனைக் கூப்பிட்டேன்.

குனிந்து பார்த்தான். நிமிர்ந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"எங்க அத்தா கடைசியில இப்படித்தாம்லே இருந்தாரு."

வத்தல் வியாபாரம் பார்த்தவர் அவன் அத்தா. கடைசி எட்டு வருஷம் கையும் காலும் தன்னால் ஆடின. சிலர் குடி என்றார்கள், சிலர் செய்வினை என்றார்கள். ஒரே ஒரு ஜீனில் இருந்த கோளாறு... அவர் பிள்ளைகளில் ஒவ்வொருவருக்கும் அது வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

"டெஸ்ட் எடுத்துப் பாருலே" என்றேன்.

"எடுத்து? இருக்குன்னு சொல்லிட்டாகன்னா என்ன செய்யச் சொல்ற? உங்க அம்மா பட்டாசு கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்குற வரைக்கும் தெனமும் பயந்துக்கிட்டு இருப்பேல்ல. அவுக வந்துட்டா உனக்குப் போயிரும். எனக்குப் போகாதுலே."

அன்றிலிருந்து சனிக்கிழமை தோறும் வேலை முடிந்ததும் என் முன்னால் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கையையும் நீட்டுவான். "பாருலே மாரி. பொய் சொல்லக் கூடாது."

இரண்டு வருஷம் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

ஒரு மழை நாள்... இடது கைச் சுண்டுவிரல் தன்னால் துள்ளியது. நின்றது. மறுபடியும் துள்ளியது.

"ஒண்ணும் இல்லலே" என்றேன்.

கண்ணைத் திறந்து என்னையே கொஞ்ச நேரம் பார்த்தான். "சரி" என்று எழுந்து பையை எடுத்துக்கொண்டு போனான். அதற்குப் பிறகு என்னிடம் கையை நீட்டவே இல்லை.

இதை இதுவரை யாரிடமும் நான் சொன்னதில்லை.

ஒரு வருஷத்தில், சொட்டுச் சொட்டாக அளந்து விடும் பைபெட்டைப் பிடிக்க முடியாமல் வேலையை விட்டான். கல்யாணம் வேண்டாம் என்றுவிட்டான்.

பார்க்கப் போகும்போதெல்லாம் ஒரே கேள்விதான். "ஊசி வந்துருச்சாலே?"

கல்லீரல் சம்பந்தப்பட்ட சில நோய்களுக்கு இதே முறையில் ஊசி வந்துவிட்டது. இவன் நோய்க்கு இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது. அதைச் சொன்னால், "புழுவுக்குச் செஞ்சோமேலே..." என்பான். வாய் குளறும். எனக்குப் புரியும்.

நேற்று மத்தியானம் கடைசியாக முகம் பார்க்கச் சொன்னார்கள். வெள்ளைத் துணிக்குள் அசையாமல் கிடந்தான். அவன் அப்படி அசையாமல் இருந்து நான் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது.

போடுவதற்கு முன்னால் இந்தப் பதிவைத் தங்கச்சிக்கு அனுப்பினேன். "போடுங்கண்ணே, எம்புட்டுப் பேருக்குத்தான் நான் பதில் சொல்ல" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே கூப்பிட்டாள். அவளைப் பற்றி எழுதியிருந்த இரண்டு வரியை மட்டும் எடுக்கச் சொன்னாள்.

எடுத்துவிட்டேன். 'பிள்ளைகளில் ஒவ்வொருவருக்கும்' என்று எழுதியிருந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன்...

முந்தாநாள் மழையில் கபர்ஸ்தான் மண் நல்ல ஈரமாக இருந்தது. மூன்று பிடி நானும் போட்டேன்.

படுத்துக்கலே, சாகுல்.