வெங்கடம்மா வாங்கிய ஒத்தைப் பெட்டி

ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் வெங்கடம்மாவோடு சண்டை போடாதவன் கிடையாது. புருஷன் போன பிறகு பன்னிரண்டு அறை லாட்ஜைத் தனியாளாகக் கட்டி மேய்த்தவள். பக்கத்துப் பேரிகை ஊர்க்காரி. வீட்டில் தெலுங்கு, கல்லாவில் தமிழ், திட்டுவதற்குக் கன்னடம்.

2007இல் பெங்களூர் டிராவல்ஸ்காரன் சுபாஷ் அவளைத் தேடி வந்தான். ஒகேனக்கல் போகும் டூரிஸ்ட் பஸ்ஸை சனிக்கிழமைதோறும் அவள் லாட்ஜில் தங்க வைப்பதாகச் சொன்னான். ஒரே நிபந்தனை, எல்லா அறையிலும் டிஜிட்டல் டிவி. ஈ மொய்க்கிற கேபிள் படம் ஆகாது. அந்த பஸ்ஸை நம்பி, மாச வாடகைக்கு இருந்த ஃபேக்டரிப் பையன்களை அவள் காலி பண்ண வைத்தாள். இனி பஸ் வந்தால்தான் லாட்ஜ்.

லாட்ஜ்காரர் சங்கம் கூட்டம் போட்டு டிஷ் கம்பெனி ஆளை வரவழைத்தது. "ஒவ்வொரு டிவிக்கும் ஒரு செட்டாப் பெட்டி வேணும்" என்று அவன் ஆரம்பித்ததுமே வெங்கடம்மா எழுந்துவிட்டாள்.

"ஏன்டா, கேபிள்காரன் ஒத்த வயர்ல தெருவுக்கே படம் காட்டலையா? பெட்டி விக்க வந்தவன் வேற என்ன சொல்லுவ!"

எதிர் லாட்ஜ் பெருமாள் சிரித்தான். "யக்கா, முழுசாக் கேட்டுட்டுப் போ."

"நீயே கேட்டுட்டுப் போயி பரிட்சை எழுது."

ஒரே பெட்டி வாங்கினாள். மொட்டை மாடியில் டிஷ், கல்லாவில் பெட்டி. பழைய கேபிள் வயரிலேயே எல்லா அறைக்கும் பிரித்துவிட்டாள். படம் கண்ணாடி மாதிரி வந்தது. கல்லாவில் வைக்கிற ஒரே சேனல்தான் பன்னிரண்டு டிவியிலும் வரும் என்பது அவளுக்கு உறைக்கவே இல்லை.

சனிக்கிழமை பொழுது சாய பஸ் வந்தது. முகம் கழுவுவதற்குள் சண்டையும் வந்தது. ஒரு அறையில் கிரிக்கெட் வேண்டும், பக்கத்து அறையில் கன்னட சீரியல், அதற்கடுத்து கார்ட்டூனுக்குப் பிள்ளைகள் அழுகை. கிரிக்கெட் வைத்தால் பெண்கள் படியிறங்கி வந்தார்கள், சீரியல் வைத்தால் ஆண்கள்.

"ஏனம்மா இது? ரூம்ல அமுக்குனா மாறல, நீங்க இங்க அமுக்குனா மாறுது!" என்று ஒருவன் கத்தினான்.

சுபாஷ் நடுவில் புகுந்தான். "மேடம், ரிமோட்டை எங்கிட்ட குடுங்க. எங்க ஜனத்தை நான் சமாளிக்கறேன். அடுத்த வாரத்துக்குள்ள ரூமுக்கு ஒரு பெட்டி போட்டுடுங்க."

கை நீட்டியபடி நின்றான். கொடுத்திருந்தால் பஸ் தங்கியிருக்கும். ஆனால் எதிர்வாசலில் பெருமாள் கைகட்டி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். வெங்கடம்மா ரிமோட்டை இடுப்பில் சொருகினாள்.

"இதைக் குடுத்தா நாளைக்குக் கல்லாவையும் கேப்ப. டிவி பாக்கவா ஒகேனக்கல் போறீங்க? உங்கூர்ல டிவி இல்லியா? வெக்கமா இல்ல?"

கூட்டத்தில் பெரியவள் ஒருத்தி, போதும், கிளம்புங்கள் என்று கன்னடத்தில் சொல்லிப் பையைத் தோளில் மாட்டினாள். மற்றவர்களும் மூட்டைகளைத் தூக்கினார்கள். சுபாஷ் தெருவைக் கடந்து நேராகப் பெருமாளிடம் போனான். அங்கே அறைக்கு ஒரு பெட்டி தயாராக இருந்தது.

"போங்க! அவன் லாட்ஜில தண்ணி வராது, டிவியில குளிங்க!" என்று வெங்கடம்மா கத்தினாள்.

"வருதுக்கா. வேணும்னா குடம் அனுப்பு" என்றான் பெருமாள்.

அடுத்த சனிக்கிழமை பஸ் பெருமாளுக்கே வந்தது. அதன் பின்பாதி இவள் வாசலை மறைத்து நின்றது. விளக்குமாற்றோடு ஓடிவந்தாள்.

"எட்றா வண்டிய! ஆள் வர்ற எடம்டா இது!"

டிரைவர் தலையை நீட்டி, திறந்து கிடந்த காலி அறைகளைப் பார்த்தான். "யாரும்மா வர்றாங்க?"

"எவனோ வருவான்டா. நீ எடு."